கார்க் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளா?

"தினமும்தானே காரைக் கழுவுகிறோம், கண்ணாடி மட்டும் ஏன் இப்படிப் பூஞ்சணம் பிடித்த மாதிரி இருக்கிறது?" என்று அலுத்துக் கொள்ளாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. கழுவி முடித்ததும் பளிச்சென்றுதான் இருக்கும். வெயிலில் காய்ந்த பிறகு பார்த்தால் கண்ணாடி முழுக்க வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள்! ஈரத்துணியால் துடைத்தால் போகாது. சோப்புப் போட்டாலும் போகாது. 'கண்ணாடி பழசாகிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்' என்று பட்டறையில் யாராவது சொல்லிவிட்டால், அந்த மாத பட்ஜெட்டில் பெரிய துண்டு விழும்.

வண்டி சமாசாரம் ஆண்கள் சமாசாரம் என்று நாம் ஒதுங்கி விடுகிறோம். ஆனால் இந்தப் புள்ளி இருக்கிறதே, இது நமக்கு ரொம்ப நாள் பழக்கமான ஆசாமி! குளியலறைக் குழாயின் மூக்கில் வெள்ளையாகப் படிகிறதே, வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியில் ஓடு மாதிரி கட்டுகிறதே, கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் காய்ந்த தடம் தெரிகிறதே, அதே உப்புத்தான் கார்க் கண்ணாடியிலும் உட்கார்ந்திருக்கிறது. அதைப் போக்குகிற சாமானும் நம் சமையலறை அலமாரியில்தான் இருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் யோசனை சொல்ல நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்?

புள்ளி எங்கிருந்து வருகிறது?

எங்கள் கோயம்புத்தூரில் பல வீடுகளில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் 'நல்ல தண்ணி' வரும். அது சிறுவாணியாகவோ பில்லூராகவோ இருக்கும். இன்னொன்றில் 'உப்புத் தண்ணி', அதாவது போர் தண்ணீர். நல்ல தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பத்திரமாகப் பிடித்து வைத்துக் கொண்டு, துணி துவைக்க, வாசல் தெளிக்க, வண்டி கழுவ எல்லாம் உப்புத் தண்ணீரைத்தான் திறந்து விடுவோம். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு வேக நேரமாகும். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான்.

பூமிக்கு அடியில் மண்ணிலும் பாறை இடுக்கிலும் ஊறி வரும்போது தண்ணீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி மேல் சொட்டாக நின்று காயும்போது தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போய்விடும். கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடும். சொட்டின் ஓரத்தில் அதிகமாகத் தங்குவதால்தான் வளையல் வளையலாகத் தெரிகிறது. இதன் பெயர் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் முட்டை ஓடும் இதே சரக்குத்தான்.

'ஒரு சொட்டில் அப்படி எவ்வளவு இருந்துவிடப் போகிறது?' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிநீருக்கு நம் நாட்டில் ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். ஐ.எஸ். 10500 என்ற அந்தத் தரத்தின் 2012ஆம் வருஷப் பதிப்புப்படி, தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம். அந்த 600 உள்ள தண்ணீரை 15 லிட்டர் பக்கெட்டில் பிடித்தால், அதில் 9 கிராம் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். போர் தண்ணீரில் இதற்கு மேலும் இருப்பதுண்டு. இதைத்தான் நாம் தினமும் வண்டி மேல் ஊற்றி, வெயிலில் காய வைக்கிறோம்!

இன்னொரு சங்கதி. ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவுக் குழாயில் வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனசு வராமல், வாளியில் பிடித்துக் கார் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். சிக்கன புத்தி நல்லதுதான். ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தானே வந்து சேருகிறது? அதை டாய்லெட்டுக்கு ஊற்றுங்கள், வாசலைக் கழுவுங்கள். காருக்கு மட்டும் வேண்டாம்.

அழகுக்காக மட்டும் சொல்லவில்லை

சாயங்கால வெயில் நேர் எதிரே அடிக்கும்போதும், ராத்திரியில் எதிர் வண்டி ஹெட்லைட் போட்டு வரும்போதும் முன்கண்ணாடியைப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தைச் சிதற அடிக்கும். கண்ணாடி முழுவதும் ஒரு வெள்ளைத் திரை போட்ட மாதிரி ஆகிவிடும். அந்த இரண்டு விநாடியில் சாலையைக் கடக்கிற ஆளோ, விளக்கில்லாமல் வருகிற சைக்கிளோ ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தப்பிவிடலாம். மழை பெய்யும்போது இன்னும் மோசம். புள்ளிகள் மேல் வைப்பர் ஓடி ஓடி அதன் ரப்பர் தேயும். தண்ணீரை வழிக்காமல் கோடு கோடாக இழுக்கும்.

கண்ணாடி வழியாகப் போதுமான வெளிச்சம் தெரிய வேண்டும் என்பதற்குச் சட்டமே இருக்கிறது. 1989ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் நூற்றுக்கு 70 பங்கு வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50 பங்காவது விட வேண்டும் என்கிறது. நம் வீட்டுக் காராகட்டும், குழந்தைகள் போகிற ஸ்கூல் வேனாகட்டும், கண்ணாடியை அவ்வப்போது ஒரு பார்வை பார்த்துக் கொள்வது அம்மாக்களின் வேலையும்தான்.

கறையில் மூன்று விதம்

வைத்தியம் பார்க்கும் முன் நோய் என்னவென்று தெரிய வேண்டும் அல்லவா? கண்ணாடியை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, புள்ளி மேல் விரல் நகத்தால் மெதுவாக வருடிப் பாருங்கள்.

துடைத்ததிலேயே போய்விட்டால் அது வெறும் தூசிக் கறை. அதற்கு ஒன்றும் வேண்டியதில்லை.

நகத்துக்குச் சொரசொரவென்று தட்டுப்பட்டால் அது மேலே படிந்த சுண்ணாம்பு. இதைத்தான் நாம் வீட்டிலேயே போக்கலாம்.

நகத்துக்கு வழவழவென்று இருக்கிறது, ஆனால் புள்ளி கண்ணுக்குத் தெரிகிறது, புளிப்புப் போட்டு இரண்டு மூன்று தடவை துடைத்தும் மாறவில்லை என்றால் கண்ணாடியே அரித்துப் போயிருக்கிறது. தண்ணீர்ச் சொட்டு ஒரே இடத்தில் நாள்கணக்கில் நின்று நின்று காயும்போது, கண்ணாடியில் இருக்கும் சோடியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து சொட்டைக் காரமாக்கிவிடும். அந்தக் காரம் கண்ணாடியை அரிக்கும். இந்தக் கட்டத்துக்குச் சமையலறை வைத்தியம் பலிக்காது. சீரியம் ஆக்ஸைடு என்ற பொடியை வைத்துக் கண்ணாடிக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் காட்ட வேண்டும். முன்கண்ணாடியை அளவுக்கு மீறித் தேய்த்தால் பார்வை நெளிந்து தெரியும். அதனால் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

சொரசொரப்பாக இருக்கும்போதே கவனித்துவிட்டால் இந்தச் செலவு வராது.

செய்முறை

வேண்டியவை: வெள்ளை வினிகர் ஒரு தம்ளர், நல்ல தண்ணீர் ஒரு தம்ளர், பழைய வேட்டித் துணியோ பனியன் துணியோ நாலு துண்டு, ஒரு பக்கெட் நல்ல தண்ணீர்.

1. வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி தொட்டால் சில்லென்று ஆகும்வரை விடுங்கள். காலை வேளை உத்தமம். சூட்டில் செய்தால் வினிகர் உடனே காய்ந்து அதுவே கறையாகும்.

2. கண்ணாடிகளை முழுக்க ஏற்றி விடுங்கள். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவுங்கள். தூசியோடு தேய்த்தால் மணல் கீறிவிடும்.

3. வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து, துணியை நனைத்து லேசாகப் பிழிந்து, புள்ளி உள்ள இடத்தில் ஒத்தடம் போடுவது போல ஒட்டி வையுங்கள். ஐந்திலிருந்து பத்து நிமிஷம் போதும். நடுவில் காயவிடாதீர்கள்.

4. அதே துணியால் வட்டமாக, அழுத்தாமல் தேய்த்து எடுங்கள்.

5. நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, காய்ந்த துணியால் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து விடுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்!

6. வைப்பர் கையைத் தூக்கி, ரப்பர் விளிம்பையும் வினிகர்த் துணியால் ஒரு முறை துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள்.

வெகு நாள் கறை ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுச் செய்யுங்கள். பலத்தைக் காட்டித் தேய்க்க வேண்டாம்.

கடையில் விற்கும் வினிகரில் நூற்றுக்கு 4, 5 பங்குதான் அசெட்டிக் அமிலம் இருக்கும். அந்தக் கொஞ்சம் புளிப்பே சுண்ணாம்பைக் கரைக்கப் போதும். கரையும்போது கரியமில வாயு குமிழாக வெளியேறும். குழந்தைகளுக்கு இதைக் காட்ட ஆசையா? ஒரு கிண்ணம் வினிகரில் முட்டை ஓட்டுத் துண்டு ஒன்றைப் போடுங்கள். ஓட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ்கள் எழும்பும். 'கார்க் கண்ணாடியில் நடப்பதும் இதுதான்' என்று சொல்லிக் கொடுங்கள்.

வினிகர் இல்லாத வீட்டில் எலுமிச்சை மூடியால் தேய்க்கலாம். அல்லது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட் ஒரு டீஸ்பூனை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொள்ளலாம். புளி, பித்தளைக்கு வேண்டுமானால் சரி. கண்ணாடியில் நாரும் சாயமும் ஒட்டி வேலையை இரட்டிப்பாக்கும். சிலர் வினிகரோடு சமையல் சோடாவைக் கலக்கச் சொல்வார்கள். நுரை பிரமாதமாகப் பொங்கும்! ஆனால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிடும். கடைசியில் சுண்ணாம்பைக் கரைக்க மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இங்கே சில ஜாக்கிரதைகள். வினிகர் பெயிண்ட் மேல் வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். மார்பிள், மொசைக் தரையிலும் அது சுண்ணாம்பைத்தான் அரிக்கும். ஆகவே அப்படிப்பட்ட தரை உள்ள போர்ட்டிகோவில் இந்த வேலை வேண்டாம். கண்ணாடியின் உள்பக்கம் வினிகர் தேவையில்லை. பிழிந்த ஈரத்துணியே போதும். பின்கண்ணாடியின் உள்ளே மெல்லிய கோடுகள் இருந்தால் அவை பனியைப் போக்கும் மின்கம்பிகள். குறுக்கே தேய்க்காமல், கோடு போகும் திசையிலேயே துடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், பச்சை நார், சாம்பல், மணல் எதுவும் கண்ணாடிப் பக்கமே வரக் கூடாது.

ஆசிட் வேண்டவே வேண்டாம்!

இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன் என்றுகூட வைத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் வண்டி கழுவ வருகிற பையன் ஒரு நாள், "ஏனுங்கக்கா, பாத்ரூம் ஆசிட் ஊத்துனா ஒரே நிமிசத்துல போயிருமாமா?" என்று கேட்டான். "போயிரும் தம்பி, கூடவே காரோட பளபளப்பும் உன் கைத்தோலும் போயிரும்" என்றேன். பாத்ரூமுக்கு உபயோகிக்கிற ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கரைக்கும், வாஸ்தவம். அதே வேகத்தில் இரும்பு, அலுமினியம், குரோம் பூச்சு எல்லாவற்றையும் அரிக்கும். அதன் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது. பிளீச்சிங் பவுடரோடு எந்த ஆசிட் சேர்ந்தாலும், வினிகர் உள்பட, குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் நடந்தது இது. விடுமுறைக்கு வந்திருந்த மருமகன், கண்ணாடிக் கறைக்கென்று ஆசிட்டைக் கூல்டிரிங்க் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் கொண்டு வந்து, கார் சக்கரத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் துணி எடுக்க உள்ளே போயிருக்கிறார். நாலு வயதுப் பேரன் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்முச்சி, ஜூஸு!" என்று காட்டியிருக்கிறான். எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்ற அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள் பூவை அப்படியே போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பிடுங்கியிருக்கிறார். மூடி திறக்கவில்லை, தெய்வாதீனம். "அவன் காட்டாம குடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன் கண்ணு?" என்று என்னிடம் சொல்லும்போதும் அவர் கை நடுங்கியது.

ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய் எதையும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வாங்கிய பாட்டிலிலேயே, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அப்படியும் குழந்தை ஆசிட்டைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது வெந்த தொண்டை, ஏறும்போது இன்னொரு தடவை வேகும். வாயைத் தண்ணீரால் கழுவித் துப்பச் செய்து, 108க்குப் போன் செய்து, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணில் தெறித்தால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 15, 20 நிமிஷம் விடாமல் கழுவிய பிறகு டாக்டரிடம் போக வேண்டும்.

கடையில் கறை போக்கும் திரவம் வாங்கினாலும் லேபிளைப் படியுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், அம்மோனியம் பைஃபுளோரைடு என்று போட்டிருந்தால் அப்படியே திருப்பி வைத்து விடுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே கரைக்கக் கூடியது. தோலில் பட்டால் சில சமயம் உடனே எரியக்கூட எரியாது. ஆனால் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக் கொண்டு, உயிருக்கே ஆபத்தாக முடியும். ஒரு வெள்ளைப் புள்ளிக்காக அதை வீட்டுக்குள் விட வேண்டுமா?

வராமல் பார்த்துக் கொள்ள

கறையைப் போக்குவதைவிடச் சுலபம், தண்ணீரைக் கண்ணாடியில் காய விடாமல் இருப்பது. உப்புத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்றாலும் பாதகமில்லை. ஒவ்வொரு கண்ணாடியாகக் கழுவி, உடனுக்குடன் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசியாகக் கண்ணாடிக்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும்.

அந்த ஒரு சொம்புக்கும் பஞ்சம் என்றால் ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணீரைச் சுத்தமான வாளியில் பிடித்து வையுங்கள். அது காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர், சுண்ணாம்பு கிடையாது. குடிக்கத்தான் கூடாது, கண்ணாடி துடைக்க அருமை. தொட்டியில் மழைத் தண்ணீர் சேமிக்கிறவர்கள் பாக்கியசாலிகள், அதுவும் அப்படித்தான். 'மழையில் நனைந்தாலும் புள்ளி வருகிறதே?' என்று கேட்பீர்கள். அது மழையின் குற்றமில்லை, கண்ணாடி மேல் கிடந்த தூசியின் குற்றம். தூறல் விட்டதும் ஒரு துடைப்புத் துடைத்து விடுங்கள்.

செடிக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிக்கும்போது சாரல் வண்டி மேல் படாமல் பாருங்கள். வைப்பர் தண்ணீர் டாங்கில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். சின்னத் துவாரம் அடைத்துக் கொள்ளும். அடுக்குமாடி வீடுகளில் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துகிறவர்கள் மேலே அண்ணாந்து பாருங்கள். கான்கிரீட்டில் கசிந்து சொட்டுகிற தண்ணீர் சிமெண்டில் உள்ள சுண்ணாம்பையே கரைத்துக்கொண்டு வருகிறது. அது கண்ணாடிக்கும் பெயிண்டுக்கும் கெடுதல். அந்த இடத்தில் வண்டியை விடாதீர்கள். விழுந்துவிட்டால் அன்றைக்கே கழுவி விடுங்கள்.

பீரோவில் கிடக்கிற பழைய வேட்டியை நாலாகக் கிழித்து, ஓரம் அடித்து, இரண்டைக் காரிலேயே போட்டு வையுங்கள். ஒன்று கழுவ, ஒன்று உலர்த்த. வாரத்துக்கு ஒரு தடவை துவைத்து மாற்றுங்கள். இந்த இரண்டு துண்டுத் துணி இருந்தால் வினிகர் பாட்டில் ஊறுகாய்க்கே மிச்சப்படும். ஆசிட் பாட்டிலுக்கு நம் வீட்டு வாசலில் வேலையே இருக்காது.